தை மாதத்தில் ஏதோ ஒரு வெள்ளி

போஸ்டர் அடிக்கிற கடையிலிருந்து போன் வந்தபோது காலை ஏழரை மணி. ஆச்சி இறந்து மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. போட்டோ வாட்ஸ்அப்பில் போய்விட்டது. பெயர், ‘ஓய்வு பெற்ற ஆசிரியை’ என்ற வரி, அடக்கம் நடக்கும் நேரம் எல்லாம் போய்விட்டது. “தோற்றம் தேதி மட்டும் சொல்லுங்கண்ணே, ஏத்திருதேன்” என்றான் கடைப் பையன். பெரிய மாமா பென்ஷன் புத்தகத்தைப் பிரித்து, “அஞ்சு ஆறு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டு” என்று வாசித்தார்.

அடுக்களையிலிருந்து அம்மாவின் சத்தம் வந்தது. “அது பெரியம்மா தேதில்லா!”

அழுது தொண்டை கட்டிப்போயிருந்தவளுக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ. மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு, “அப்போ எந்தத் தேதின்னு நீயே சொல்லு” என்றார். அம்மா வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டாள். ஏனென்றால் ஆச்சி பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி கண்டுபிடித்துக் கொடுத்தவளுக்கு, அவள் தேதி கிடைக்கவே இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஊர் பெயர் வேண்டாம். பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் பக்கம் என்றால் போதும். மேற்கே மலை, நடுவில் வயல், வீட்டுக்கு வீடு திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள். அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 1962-ல் ஆச்சி இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தாள். இரண்டே ஆசிரியர்கள். அஞ்சு வகுப்பு. மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்று வேப்பமரத்தில் தொங்கும். அதை அடிக்கும் இரும்புக் கம்பியைத் தினம் ஒரு பையன் ஒளித்து வைப்பான், தினம் அதே இடத்தில் ஆச்சி கண்டுபிடிப்பாள்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயது பார்க்கிற முறை எல்லாருக்கும் தெரியும். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் அஞ்சு வயசு. அப்புறம் வாத்தியார் குத்துமதிப்பாக மேயிலோ ஜூனிலோ ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதுவார். எங்கள் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டியவர்களின் ஆதார் அட்டைகளை வாங்கிப் பாருங்கள். கோடை முழுக்கப் பிரசவமாகவே நடந்திருப்பது போலத் தெரியும்.

ஆச்சியும் அப்படி எழுதப்பட்டவள்தான். அவளுடைய அக்கா முதல் பிள்ளை என்பதால் அப்பா தேதி குறித்து வைத்திருந்தார். அதுதான் 5-6-1942. அந்த அக்கா ஆறு வயதாகியும் தனியாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழ, துணைக்குத் தங்கச்சியையும் கூடவே அனுப்பினார்கள். 1948 ஜூன். “சின்னது எப்பப் பெறந்துச்சு?” என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு நினைவில்லை. “ரெண்டும் ஒண்ணாத்தான படிக்கப் போகுது, ஒரே தேதியாப் போட்டுருவோம்” என்று வாத்தியார் எழுதிவிட்டார். நாலரை வயதுப் பிள்ளைக்கு ஒரே வரியில் ஆறு வயது. பதிவேட்டைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அக்கா அஞ்சாவதோடு நின்றுவிட்டாள். தங்கச்சி 1959-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கும் போய், அந்தத் தேதியையும் கூடவே சுமந்துகொண்டு போனாள்.

“அந்த வாத்தியாருக்கு ரெண்டு கேள்வி கேக்கச் சோம்பல். எனக்குப் பத்தொன்பது மாசச் சர்வீஸ் போச்சு” என்பாள். பதிவேட்டுத் தேதிப்படி 2000 ஜூனில் ஓய்வு. கல்வியாண்டின் நடுவில் என்பதால் 2001 மே வரை மறுநியமனத்தில் இருந்தாள். உண்மையில் பிறந்த மாதப்படி 2002 ஜனவரி வரையாவது சர்வீஸ் இருந்திருக்கும். திருத்தக் கேட்டிருக்கலாமே என்றால், “கிளறப் போயி வேலைக்கே வெனையாயிட்டா?” என்பாள். அந்தப் பயம் அவளுக்குக் கடைசி வரை போகவில்லை. பென்ஷன் வாங்கும் காலத்தில்கூட இந்தக் கதையை வெளியாட்கள் இருந்தால் சொல்ல மாட்டாள்.

சரி, அந்தக் கோபத்தில் அவள் செய்த காரியத்துக்கு வருகிறேன். பள்ளியில் சேர்க்கை வேலை என்றால் தலைமையாசிரியர் அவளிடம் தள்ளிவிடுவார். காது தொடுகிற சோதனையை அவள் ஒதுக்கித் தள்ளினாள். “கை நீளமா இருந்தா வயசு கூடிருமா?” என்பது அவள் கேள்வி. கிராம முன்சீப்பிடம் பிறப்புக் கணக்கு இருக்கும், ஆனால் பல இடங்களில் பிள்ளைக்குப் பெயர் இருக்காது, வெறும் ‘ஆண்’ ‘பெண்’தான். அஞ்சு பிள்ளை பெற்ற வீட்டில் எந்த ‘ஆண்’ இவன் என்று எப்படிச் சொல்வது? அதனால் பெற்றவளை உட்கார வைத்துக் கேட்பாள். மணிக்கணக்காகக் கேட்பாள்.

அம்மா அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, 1975 ஜூனில், பார்த்த ஒரு விசாரணையை எங்களுக்கு நடித்தே காட்டுவாள். பீடிச் சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டே ஒருத்தி மகனைக் கூட்டி வந்திருக்கிறாள்.

“எப்பப் பெறந்தான்?”

“அது கெடக்கு டீச்சர், அஞ்சு வயசு இருக்கும்.”

“இருக்கும்னா எப்படி? அண்ணா செத்தப்ப இவன் கையிலயா, வயித்துலயா?”

கொஞ்சம் யோசனை. “வயித்துலதான். ரேடியோப் பெட்டி முன்னால ஊரே அழுதுகிட்டு நிக்கி. நான் மட்டும் வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தேன். அப்பதான் நாள் தள்ளிப்போயிருந்துச்சு.”

அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. ஆச்சி விரல் விட்டு எண்ணுகிறாள். “அப்போ கார் அறுப்புச் சமயத்துல பெறந்திருக்கணும்.”

“ஆமா, அறுத்துக் களத்துல கெடந்துச்சு. எங்க மாமியா பிரசவத்துக்கு நிக்கல. நாமம் போட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டா.”

“புரட்டாசிச் சனியா?”

“சனிதான். மொத சனி இல்ல. ரெண்டு தளிகை ஏற்கெனவே போட்டாச்சு.”

இதற்குத்தான் காத்திருந்தாள் ஆச்சி. வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து பாம்புப் பஞ்சாங்கங்களை எறியாமல் டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் 1969-ஐத் தேடி எடுத்து, மூன்றாம் சனியைப் பார்த்து, மறுநாள் பதிவேட்டில் எழுதினாள்: 4-10-1969. காலையா ராத்திரியா என்றும் கேட்டு வைத்திருந்தாள். பதிவேட்டில் அதற்கு இடமில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அது பின்னால் உதவியது. ஜாதகம் எழுதும் வழக்கமில்லாத வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணப் பேச்சு வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். “டீச்சர், ஜோசியர் நேரம் கேக்காரு.” ஆச்சி கண்ணை மூடி யோசித்து, “ஒங்கம்மா அன்னிக்குக் காலைல பசு மாடு அவுத்து விடப் போறப்ப வலி எடுத்துச்சுன்னு சொன்னா” என்பாள். ஆச்சிக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பார்ப்பது என்றால் சரியான நேரத்தை வைத்துப் பார்க்கட்டும் என்பது அவள் கட்சி.

இப்படிப்பட்டவளுக்குப் பிள்ளையாகப் பிறந்தவர்கள் பட்ட பாடு தனி. அம்மா பிறந்தது 2-9-1968. 1973 ஜூனில் அவளுக்கு அஞ்சு வயது நிறைய மூன்று மாதம் பாக்கி. வேறு யாராக இருந்தாலும் ஜூன் 1 என்று போட்டுச் சேர்த்திருப்பார்கள். ஆச்சி மாட்டேன் என்றுவிட்டாள். தாத்தா விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஷிப்ட் வேலை, பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அம்மா ஒரு வருஷம் முழுக்க ஒன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் பெயர் இல்லாமல் உட்கார்ந்தாள். வருகைப் பதிவேடு வாசிக்கும்போது எல்லாப் பெயரும் வரும், அவள் பெயர் வராது. “உள்ளேன் டீச்சர்” என்று சொல்ல ஆசையாக இருக்குமாம். ஒருநாள் யாரோ வராத பிள்ளையின் பெயருக்கு எழுந்து “உள்ளேன் டீச்சர்” சொல்லிக் காது திருகு வாங்கினாள். மறு வருஷம் முறைப்படி சேர்ந்து அதே ‘அம்மா, ஆடு, இலை’யை மறுபடி படித்தாள்.

“அம்மான்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டா. டீச்சர்னாத்தான் திரும்புவா. வீட்டுக்கு வந்தாலும் நாலு மணிக்கு டீச்சராத்தான் வருவா, அம்மாவா மாற ராத்திரி எட்டு மணி ஆகும்” என்பாள் என் அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதற்குள் ஒரு முள் இருக்கும். சின்ன மாமாவுக்கு அம்மை போட்டிருந்தபோது ஆச்சி லீவு போட்டது இரண்டே நாள். மீதி நாட்களில் வேப்பிலை வைத்துப் பார்த்துக்கொண்டது பத்து வயது அம்மா. ஆச்சியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ‘பள்ளிக்கூடமே குடும்பம்னு வாழ்ந்தவங்க’ என்று துக்கம் கேட்க வந்த ஒருவர் சொன்னபோது அம்மா எழுந்து உள்ளே போனதை நான் பார்த்தேன்.

1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதும் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் உருவம் மாறியது. அதுவரை ‘லை’ என்றால் தலையில் யானைத் தும்பிக்கை போல ஒன்று வளைந்து நிற்கும். பதினாறு வருஷம் தும்பிக்கை போட்டுப் பழகிய கை. ஆச்சி ராத்திரி சிம்னி விளக்கில் சிலேட்டை வைத்துக்கொண்டு புது ‘லை’ எழுதிப் பழகினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவாள். டீச்சரின் சிலேட்டில் பெருக்கல் குறி போட்ட ஒரே மாணவி தான்தான் என்று அம்மாவுக்கு அதில் ஒரு கர்வம். ஆச்சி கரும்பலகையில் புது எழுத்துக்கு மாறினாள். எனக்கு எழுதிய கடிதங்களில் கடைசி வரை பழைய ‘லை’தான். நான் ஹாஸ்டலில் இருந்தபோது என் அறைத்தோழி அதை வாங்கிப் பார்த்து, “இது என்ன பாம்பு மாதிரி இருக்கு?” என்றாள்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும், எனக்கு நெருடலாக இருந்தாலும். அந்த ஊரில் பெண்பிள்ளைகள் மூன்றாவது நாலாவதில் நின்றுவிடுவது பீடியால்தான். தினம் ஆயிரம் பீடி சுற்றிக் கொடுக்க வேண்டிய அம்மாவுக்கு, தலை மடக்கிக் கொடுக்க ஒரு சின்னக் கை வேண்டும். ஆச்சி வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மக்காச்சோள உப்புமா போடுகிறோமே என்றாள். கடைசியில் ஒரு பேரத்துக்கு வந்தாள். பிள்ளையை அனுப்பு, மடக்க வேண்டிய பீடியையும் கூடக் கொடுத்துவிடு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் மடக்கட்டும். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் சுளகுகள் எல்லாம் வேப்பமரத்துக்குப் பின்னால் போய்விடும். புகையிலைத் தூள் பட்ட கையோடு அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் வாய்ப்பாடு சொல்லும். இது சரியா என்று கேட்டால் எனக்குச் சரியென்று சொல்ல வாய் வரவில்லை. நானே ஒருமுறை ஆச்சியிடம் கேட்டேன். “தப்புத்தான்” என்றாள். “ஆனா அன்னிக்கு மடக்குனதுல ஒருத்தி இன்னிக்கு நர்சு. ஒருத்தி டீச்சர். மத்தவளுவ பீடிதான் சுத்துதாளுவ, ஆனா கணக்குப் பாத்துத்தான் கூலி வாங்குதாளுவ. இலை குறையுதுன்னு ஏசண்டு ஏமாத்த முடியாது.” அதோடு பேச்சை விட்டுவிட்டாள்.

எனக்குத் தெரிந்த ஆச்சி, ஓய்வுக்குப் பிறகான ஆச்சி. நான் அவளிடம் பாடம் படித்ததில்லை. திருத்தப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அவளிடம் ஒரு சிவப்புப் பேனா உண்டு. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை எதையும் அவள் திருத்தாமல் அலமாரியில் வைத்ததில்லை. சில சமயம் பத்திரிகை வைக்க வந்தவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் திருத்தி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவாள். “இன்னும் கொடுக்காத பத்திரிகை இருக்கும்ல, அதுலயாவது பேனாவால மாத்திரு.” பெண் வீட்டார் முகம் சிறுத்துப் போவார்கள். “ஏட்டி, ‘நல்லாசியுடன்’ல ஒத்து விட்டுப்போச்சு, அப்போ அது நல் ஆசியா, நால் ஆசியா?” என்று என்னைப் பார்த்துக் கேட்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். கோபத்தோடு போனவர்கள் எல்லாருமே தாலி கட்டும் நேரத்துக்கு வண்டி வைத்து அவளைக் கூட்டிப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

தை வெள்ளிகளைப் பற்றி எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தை மாதம் வந்தால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆச்சி வீட்டில் பாயசம் உண்டு. பாசிப்பருப்பு, கருப்பட்டி, தேங்காய்ப்பால். தை வெள்ளி அம்மனுக்கு விசேஷம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கல்லூரியில் இருந்தபோது ஒரு தையில்தான் காரணம் கேட்டேன். ஆச்சி பாயசத்தை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

வேலைக்கு வந்த புதிதில், ஊராருக்குக் கேட்ட கேள்விகளையெல்லாம் பெற்ற தாயிடமும் கேட்டிருக்கிறாள். மூத்தவளுக்கு ஒன்றரை வயசு முடிந்திருந்தது, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த யுத்தக் காலம். அப்படியென்றால் 1944. தை மாதம், பிசான அறுப்புக்கு முன்னால். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். அதுவரை சரியாக வந்தது. எந்த வெள்ளி? பொங்கலுக்குக் கட்டின மாவிலை வாசலில் இருந்ததா? தெரியவில்லை. நிலா இருந்ததா? தெரியவில்லை. “ஏழு பெத்தவட்ட வந்து தேதி கேக்கியே, எனக்கு வலிதான் தெரியும்” என்று அந்தப் பெரிய மனுஷி எழுந்து போய்விட்டாளாம்.

“அதான் எல்லா வெள்ளிக்கும் வச்சிருதேன்” என்றாள் ஆச்சி. “ஏதாவது ஒண்ணு ஒத்து வராமலா போகும்? நீ குடி, ஆறிரும்.”

அப்போதெல்லாம் வருஷா வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் பென்ஷன்காரர்கள் கருவூலத்துக்கு நேரில் போய், உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது. நேர்காணல் என்று பெயர். ஆச்சிக்கு அது திருவிழா. கஞ்சி போட்ட வாயில் புடவை, கைப்பை, அதற்குள் சிவப்புப் பேனா. அம்பாசமுத்திரம் சார் கருவூலத்தில் அந்தப் புரட்டாசி மூன்றாம் சனிக்காரர்தான் சில வருஷம் வேலையில் இருந்தார். ஆச்சியைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். “டீச்சர், நீங்க இருக்கீங்கன்னு நான் எழுதிக்கிட மாட்டேனா, வெயில்ல வரணுமா?” ஆச்சி ஒத்துக்கொள்ள மாட்டாள். “நேர்ல பாக்காம எப்படிலே எழுதுவே?” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறந்த தேதிக் கட்டத்தைப் பார்த்து என்னிடம் ஒரு கண் காட்டுவாள். கொரோனா வந்த 2020-ல் நேர்காணலுக்கு வர வேண்டாம் என்று அரசு சொல்லிவிட்டது. மறு வருஷமும் அப்படியே. ரொம்பப் பேருக்கு நிம்மதி. ஆச்சி இரண்டு வருஷமும் புடவைக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள்.

2022 ஐப்பசியில், நல்ல மழைக்கு நடுவில், தூக்கத்திலேயே போய்விட்டாள். ஆஸ்பத்திரி, ஊசி எதுவும் இல்லை. பென்ஷன் புத்தகப்படி வயது 80. எங்கள் கணக்கில் 78.

போனில் பையன் காத்துக்கொண்டிருந்தான். “தை, 1944-ன்னு போடச் சொல்லு” என்றாள் அம்மா. தேதி இல்லாமல் டிசைனில் இடம் காலியாகத் தெரியும் என்றான் அவன். மாமாவுக்கு ஆயிரம் வேலை. “சர்ட்டிபிகேட்டுல உள்ளதே இருக்கட்டும்” என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நானும் அம்மாவும் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். எதிரே பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பில் இப்போது நாலே பிள்ளைகள், சுவரில் புதுப் பெயிண்ட். நிறுத்தத்துச் சுவரில் ஆச்சி கறுப்புப் பின்னணியில் சிரித்துக்கொண்டிருந்தாள். தோற்றம்: 5-6-1942. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், ‘ஆழ்ந்த இரங்கள்’.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். “அவ பாத்திருந்தா இன்னொரு தடவ செத்திருப்பா” என்றாள். கைப்பையில் ஆச்சியின் சிவப்புப் பேனாவைத் துழாவி எடுத்தாள். ஈரத் தாளில் அது எழுதவில்லை. இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தாள், தாள்தான் கிழிந்தது. அப்புறம் நகத்தால் அந்த ‘ள்’ஐச் சுரண்ட ஆரம்பித்தாள். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்குச் சங்கடம். “விடும்மா” என்றேன். விடவில்லை. எழுத்து முழுசாகப் போனதும், “உள்ள போயி ஒரு சாக்பீஸ் வாங்கிட்டு வாட்டி” என்றாள்.

வாங்கி வந்து கொடுத்தேன். கறுப்பு ஈரத்தில் சாக்பீஸ் நன்றாகவே பிடித்தது. ‘ல்’ என்று எழுதி, புள்ளியைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். கை மேலே, தேதிக்குப் போனது. 5-6-1942-க்கு மேல் சாக்பீஸை வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாப்பத்து நாலு தையில எத்தன வெள்ளி வரும்?”

செல்போனில் போட்டுப் பார்த்தேன். “பொங்கலும் வெள்ளிதாம்மா. அதையும் சேத்தா அஞ்சு.”

“அஞ்சா” என்றாள். சாக்பீஸை முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ் வந்தது, எங்களுக்கு ஏற வேண்டிய பஸ் இல்லை, போய்விட்டது. அம்மா பாசிப்பருப்பு என்ன விலை விற்கிறது என்று கேட்டாள்.